ஐந்தரைக்குக் கீழே

ஜனவரி 6, திங்கள்

காலையில் இட்லி தின்னும்போது மகள் சம்யுக்தாவின் மேல்வரிசை முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்து தட்டில் விழுந்தது. கல்லைக் கடித்து உடைந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இட்லியில் பல் உடையுமா?

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ரெஹானா சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். சொத்தை ஒன்றும் இல்லையாம். மேல் முன்பற்களின் உள்பக்கம், அண்ணத்தை ஒட்டிய பக்கம், எனாமல் கரைந்து மஞ்சள் தெரிகிறதாம்.

"புளிப்பு அரிச்சிருக்கும்மா" என்றார்.

"அமிலம்னே சொல்லுங்க டாக்டர். எனக்கு அதுதான் வேலை" என்றேன்.

சாயக் கழிவுநீர் சுத்திகரிக்கும் நிலையத்து லேபில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். தினமும் முப்பது நாற்பது பாட்டிலுக்கு பிஎச் பார்க்கிறேன். ஏழு என்றால் நடுநிலை, இறங்க இறங்க அமிலம். எச்சில் ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஐந்தரைக்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும் என்றார் டாக்டர். எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எச்சிலை பிஎச் தாளில் அளந்து, மணியோடு எழுதி வரச் சொன்னார். எந்த நேரத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால் காரணம் தெரிந்துவிடுமாம். அதற்குத்தான் கம்பெனியில் கொடுத்த இந்த டைரி.

கிளம்பும்போது சம்முவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இவளுக்கு அடிக்கடி வாந்தி வருதா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். வேறு மாதிரி மறுபடி கேட்டார். இல்லை என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

காலை 6.9. கல்லூரிக்குப் போகும் முன் 6.8. மாலை ஜூடோ பயிற்சி முடித்து வந்ததும் 6.6. இரவுச் சாப்பாட்டுக்கு முன் 6.8. சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து 4.4.

எலுமிச்சை சாதம் செய்திருந்தேன். அதுதான்.

ஜனவரி 9, வியாழன்

சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பாட்டிலில் எடுத்துப்போய் மத்தியானம் லேப் மீட்டரில் பார்த்தேன். எலுமிச்சைச் சாறு 2.3. புளிக்கரைசல் 2.9. மாங்காய் ஊறுகாய் 3.4. தக்காளி 4.2. தயிர் 4.3. கூட வேலை செய்யும் செல்வி, "என்னக்கா, சாயப்பட்டறைய விட்டுட்டு ரசத்தப் புடிச்சுட்டீங்க" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தேன். புளியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

புளி இல்லாத குழம்பு, தக்காளி இல்லாத பருப்பு. வாயில் வைக்க முடியவில்லை. சம்மு மட்டும் நிறையச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் குளிக்கப் போனாள். இப்போதெல்லாம் அவளுக்குச் சாப்பிட்டதும் குளிக்க வேண்டும். பயிற்சியில் வியர்த்துவிடுகிறது.

இன்றைக்குப் பயிற்சி கிடையாது.

குளித்து வந்த பிறகு 4.3.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு குளியலறைக் குழாய் இருபது நிமிடம் ஓடியது. 4.0.

தாள் பழசாகியிருக்கும்.

ஜனவரி 15, புதன்

புதுத் தாள் பெட்டி. அளவு தெரிந்த திரவத்தில் நனைத்துச் சரிபார்த்தேன். தாளில் பிழை இல்லை.

இரவு இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து அரிசியும் பருப்பும் சாப்பிட்டோம். முக்கால் மணி கழித்து முதலில் என் நாக்கில் தாளை வைத்தேன். 6.9. அவளுக்கு 4.2.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒடம்பு வாகு ஆளுக்கு ஆள் மாறும் கண்ணு" என்றேன். சரியென்று போய்ப் படித்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

சம்முவின் அப்பா சத்தீஸ்கரிலிருந்து போன் செய்தார். போர்வெல் லாரியோடு போய் ஐந்து மாதம் ஆகிறது.

"பல்லு ஒடஞ்சதுக்கு என்ன, ஒட்டிக்கலாம் துளசி. புள்ள எடையெல்லாம் சரியா இருக்குதா? ஸ்டேட் டீம் செலக்சன் எப்போ?"

"அடுத்த மாசம் இருவத்தி மூணுங்க."

"சாதிச்சுருவா பாரு."

நான் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜனவரி 24, வெள்ளி

பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். கதிர்வேல் மாஸ்டர் ஓடி வந்து பேசினார். "அக்கா, மாநில அணிக்கு இந்தப் பிரிவுல இவள விட்டா ஆளில்லைங்க. எடைய நாப்பத்தெட்டு கிலோவுக்குள்ள மட்டும் நிறுத்திருங்க. போன தடவ நீங்க பாத்துக்கிட்ட மாதிரியே பாத்துக்குங்க. மத்தது என் பொறுப்புங்க."

போன தடவை நான் பார்த்துக்கொண்ட மாதிரியே.

சமையலறைச் சுவரில் எடை எழுதும் தாளை ஒட்டியது நான்தான். தினமும் காலையில் அவளை மெஷினில் ஏற்றி எழுதுகிறேன். அளக்கத் தெரிந்தவளிடம் அளக்கும் வேலை வந்து சேருவது இயல்புதானே.

ஜனவரி 29, புதன்

இன்னொரு பல்லின் ஓரம் கண்ணாடி மாதிரி மெலிந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடிக்கிறாள்.

டாக்டர் ரெஹானா டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எவ்ளோ ஒழுங்கா எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு பேனாவால் இரவு எண்களை மட்டும் சுற்றி வட்டம் போட்டார். "சாப்பாட்டால இறங்கினா முக்கால் மணியில ஏறிடணும்மா. புளிப்பே இல்லாம சமைக்கிறீங்க, அப்பவும் நாலு. இது வயித்துல இருந்து மேல வர்ற அமிலம்."

"கேஸ் டிரபிளுங்களா டாக்டர்?"

"அதுவா இருந்தா படுத்து எந்திரிக்கறப்ப தெரியும். காலை அளவு நல்லாயிருக்கே."

பிறகு அவர் என்னை விட்டுவிட்டு சம்முவிடம் திரும்பினார். அவள் கன்னங்களைக் காதுக்குக் கீழே மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். சதை போட்டிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எச்சில் சுரப்பி வீங்கியிருக்கிறதாம். "எதனால வாந்தி வந்தாலும் சரிம்மா, உடனே பல்லு தேய்க்காத. எனாமல் இளகி இருக்கும், பிரஷ் பட்டா வழிச்சுக்கிட்டு வந்துடும். தண்ணியில சோடா உப்புக் கலந்து கொப்பளி. ஒரு மணி நேரம் விட்டுத் தேய். அப்புறம் நாம நிதானமா பேசலாம். எங்கிட்ட எதுவும் சொல்லலாம். நான் திட்ட மாட்டேன்."

சம்மு தரையைப் பார்த்தாள். மனநல டாக்டர் ஒருவரின் பெயரை எழுதி டாக்டர் என்னிடம் நீட்டினார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஜனவரி 31, வெள்ளி

சோடா உப்பு டப்பாவைச் சமையலறை முழுக்கத் தேடினேன். குளியலறையில் ஷாம்புவுக்குப் பின்னால் இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இரவு சாப்பிட்ட பிறகு 7.8.

பிப்ரவரி 5, புதன்

8.0.

எச்சில் எட்டுக்குப் போகாது. லேபில் ஒரு பாட்டில் திடீரென்று இப்படிக் காட்டினால், சாம்பிள் எடுக்கும் முன் யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் என்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை.

8.0 என்று எழுதி மூடினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

"சம்மு."

"குளிக்கறேன்ம்மா."

"தண்ணி மேல ஊத்தற சத்தமே கேக்கலியே."

குழாய்ச் சத்தம் மட்டும். பிறகு, "போம்மா. ப்ளீஸ்" என்றாள். அந்தக் குரலை என்னால் எழுத முடியவில்லை.

கையைக் கதவில் வைத்தேன். தட்டவில்லை. செலக்சனுக்குப் பதினான்கு நாள்தான் இருக்கிறது, அது முடியட்டும், முடிந்த மறுநாளே அந்த டாக்டரிடம் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன். ராத்திரிக்கு வெண்டைக்காய் நறுக்கினேன். நறுக்கி முடித்த பிறகுதான் ஒன்றைக்கூடக் கழுவவில்லை என்று தெரிந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

சாயங்காலம் பயிற்சியில் விழுந்துவிட்டாள். யாரும் தூக்கிப் போடவில்லை. நின்றிருந்த இடத்தில் மடங்கி விழுந்தாளாம். மாஸ்டர் அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு எனக்குப் போன் செய்தார். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருக்கிறதாம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டியிருந்தார்கள், திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இளம் டாக்டர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா நின்னுருக்கும்" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

"வாந்தி எடுக்கறாங்களா? எத்தன நாளா?" அவர் அவளைத்தான் கேட்டார். சம்மு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"அக்டோபர்ல இருந்து" என்றேன்.

சம்மு திரும்பி என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் விட்டதை எழுதிவிட வேண்டும்.

அக்டோபர் இருபது, மாவட்டப் போட்டி. காலை எடை பார்க்கும்போது சம்மு முந்நூறு கிராம் கூட இருந்தாள். இன்னும் அரை மணி நேரம் தருகிறோம் என்றார்கள். முந்தின நாள் முழுக்க நான் அவளுக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுத்திருந்தேன். அன்று விடியற்காலையில் பசி தாங்காமல் எனக்குத் தெரியாமல் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டாள். அங்கே அத்தனை பேர் எதிரில் நான் அவளிடம் சொன்னது: "வகுறு கேக்குதுன்னு வாழ்க்கையத் தொலைச்சுட்டியே."

அவள் கழிப்பறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். எல்லாம் கேட்டது. இன்னொரு பெண் உள்ளே வரப் பார்த்தாள். பக்கத்துக் கதவுக்குப் போம்மா என்று நான்தான் அவளை அனுப்பினேன். காவல் நின்றேன். சம்மு கண்கள் சிவந்து வெளியே வந்தாள். துண்டைக் கொடுத்தேன். மறுபடி மெஷினில் ஏறினாள். சரியாக இருந்தது.

"பாஸ் ஆயிட்ட கண்ணு" என்று சொல்லி அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அன்றைக்குத் தங்கப் பதக்கம் வாங்கினாள்.

டாக்டர் ரெஹானா கேட்டபோது எனக்குத் தெரியும். ஊறுகாயைக் கவிழ்த்தபோதும் தெரியும். தினம் ராத்திரி இந்த டைரியில் எண்ணை எழுதும்போதெல்லாம் தெரியும்.

மாநில அணிக்குப் போனால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் அவள் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது மட்டும்தானா? பதக்கத்தோடு அவளை ரோட்டில் கூட்டிப்போனபோது என்னைப் பார்த்து நான்கு பேர் எழுந்து நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 15, சனி

பொட்டாசியம் ஏறி வருகிறது. கஞ்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு ஸ்பூனையும் விழுங்கிவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்க்கிறாள்.

அவள் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சுரு" என்று தொடங்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை. வேறொன்று சொன்னாள்.

"நீ தாள் கொண்டாந்தப்ப பயந்துட்டேன்ம்மா. மாட்டிக்குவோம்னு. அப்பறம் ரெண்டு மூணு நாள்ல, மாட்டிக்கிட்டா தேவலைன்னு ஆயிருச்சு. ஒவ்வொரு தடவையும் நாக்க நீட்டிட்டு, இப்ப கேப்ப, இப்ப கேப்பன்னு நிப்பேன். நீ எழுதிட்டுப் போயிருவ."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "என்னால நிறுத்த முடியலம்மா. போட்டிக்காகத்தான் ஆரம்பிச்சது. இப்ப போட்டியே இல்லாட்டியும் முடியாது" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கைப்பையில் மடித்து வைத்திருந்த பெயரைத் தேடிப் போனோம். மனநல டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். இது பிடிவாதமோ திமிரோ இல்லை, நோய் என்றார். மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கும் என்றார். மூன்று வேளையும் யாராவது அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியே விடக் கூடாது. வீட்டில் எடை மெஷின் இருக்கக் கூடாது. பல்லுக்கு டாக்டர் ரெஹானா தனியாகப் பார்த்துக்கொள்வார்.

வந்ததும் சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். மெஷினைச் செல்வி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டரிடம் சம்மு வரமாட்டாள் என்று சொன்னேன். "ஒரு வருசம் போயிருமேக்கா" என்றார். போகட்டும் என்றேன்.

சம்மு கேட்டுக்கொண்டிருந்தாள். "உன்னைய யாரு சொல்லச் சொன்னா? ஜூடோ என்னோடது. அதையும் நீதான் முடிவு பண்ணுவியா?" தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சோற்றைப் பொறுக்கிவிட்டு வேறு தட்டில் போட்டுக் கொண்டுவந்தேன். சாப்பிடவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

செலக்சன் நாள். காலையில் இருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் துணி காயப்போட மாடிக்குப் போன பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். குழாயைக்கூடத் திறக்கவில்லை. கதவும் திறந்தே கிடந்தது. தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரத்தில் புடவை நனைந்தது. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. கடவுளைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அக்டோபரையும் சொன்னேன். ரிக் மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"நானும்தான தினம் எடை எவ்வளவுன்னு கேட்டேன்" என்றார் கடைசியில். "என் வேலைக்கு மாத்தாள் வந்ததும் கெளம்பறேன். புள்ளகிட்டக் குடு."

போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். சம்மு ரொம்ப நேரம் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நேற்று இரண்டு தடவை. நாளை முதல் நான் வேலைக்குப் போக வேண்டும், லீவு முடிகிறது. அவள் இன்னும் கல்லூரிக்குப் போகவில்லை, மத்தியானம் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டில் சொல்லிவைக்கட்டுமா என்றதற்கு, "ஊருக்கே சொல்லு" என்று கத்தினாள். மனநல டாக்டரிடம் கேட்டேன். "அவளாவே உதவி கேக்கறதுக்கும் ஒரு எடம் விடுங்க" என்றார். இடத்தை விட்டு, அதில் அவள் விழுந்துவிட்டால்?

மார்ச் 11, செவ்வாய்

மத்தியானம் ஒன்றரை மணி. வரிசையில் பதினாறாவது பாட்டில். போன் அடித்தது. சம்மு வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடவே மாட்டாள். மீட்டர் முனை பாட்டிலில் இடித்தது.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"சாப்புட்டேன். வாந்தி எடுக்கோணும்னு இருக்குது. ரொம்ப. வாறியா?"

செல்வியிடம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். லேப் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வழியெல்லாம் மனசு ஆஸ்பத்திரித் திரையின் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நேராகப் போவது போலவே இருந்தது.

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சம்மு வெளியே வெயிலில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாவியை நீட்டினாள். உள்ளங்கையில் அதன் பல் பதிந்து சிவந்திருந்தது.

"உள்ள இருந்தா போயிருவேன். அதான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. என் லேப் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் ஒன்றும் இல்லை. அதனால் எதையெதையோ பேசினோம். எதிர்வீட்டுக்காரர் வண்டி கழுவுவதைப் பற்றி. செல்வி மகனின் கல்யாணப் பேச்சைப் பற்றி. அக்கவுண்டன்சி வாத்தியார் மூக்கால் பேசுவதைப் பற்றி. நடுவில் இரண்டு தடவை, "முடியலம்மா" என்றாள். "உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணி சுமாருக்கு நடுக்கம் நின்றது. முகம் வியர்த்து, யாரோ அடித்துப் போட்டதுபோல இருந்தாள்.

"வேலைய விட்டுட்டு வந்துட்டியே. திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

"நாளைக்கும் இப்படி வந்தா?"

"கூப்புடு."

"நாளான்னைக்கும்?"

"கூப்புடு சாமி."

"வெயில் சுடுது" என்று சொல்லி எழுந்தாள். நான் கதவைத் திறந்தேன். அவள் எனக்கு முன்னால் உள்ளே போய், குளியலறையைத் தாண்டி, பாயை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனாள்.